பின்னாலிருந்து ஆறாவது பல்

ஜூன் 2, வெள்ளி

இந்த நோட்டு நஸ்ரின் சொன்னதற்காக. புதுக்கோட்டையில் பிரகதாம்பாளுக்கு டயாலிசிஸ் செய்யும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பிசியோதெரபி பார்க்கிற பெண். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் என் மனைவி நான்கு மணி நேரம் மேலே மெஷினோடு கிடப்பாள். அந்த நேரத்தில் நான் வராந்தாவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து இன்று அவளே கூப்பிட்டாள்.

"எங்கேருந்து சார் ஓட்டிட்டு வர்றீங்க?"

"கீரமங்கலம். போக வர எண்பத்து நாலு கிலோமீட்டர்."

"வண்டியக் காட்டுங்க."

வலது புட்டத்தில் தொடங்கி கெண்டைக்கால் வரை இழுக்கும் வலிக்கு மாத்திரை தருவாள் என்று நினைத்தேன். அவள் வெயிலில் இறங்கி வந்து காரின் கதவைத் திறந்து, நான் உட்கார்ந்திருக்கும் விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வண்டி வாங்கிப் பதினோரு வருடம் என்றேன். முதலில் பின்பாக்கெட்டிலிருந்து மணிபர்சை எடுக்கச் சொன்னாள். "பதினோரு வருஷமா ஒரு பக்கம் செங்கல் வச்சு உக்காந்திருக்கீங்க சார்." பிறகு புட்டம் சீட்டின் மூலையில் முட்டும்வரை பின்னால் தள்ளி உட்காரச் சொன்னாள். கிளட்சை முழுக்க மிதித்த பிறகும் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டுமாம். அதற்கு சீட்டை முன்னால் இழுத்தாள். சாய்மானத்தை நிமிர்த்தினாள். தோள் சீட்டை விட்டு எழும்பாமல் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். கண்ணாடியை எல்லாவற்றுக்கும் கடைசியில் திருப்பினாள்.

"கண்ணாடில பின்ரோடு சரியாத் தெரியலைன்னா நீங்க சரிஞ்சு உக்காந்துட்டீங்கன்னு அர்த்தம். கண்ணாடியத் திருப்பாதீங்க, முதுக நிமித்துங்க. அரை மணிக்கு ஒருக்கா இறங்கி நடங்க."

தினமும் சீட்டு எந்த அளவில் இருந்தது, எத்தனை கிலோமீட்டர், வலி பத்துக்கு எவ்வளவு என்று எழுதி வரச் சொன்னாள். முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் பீல்டு புக் எழுதியவனுக்கு இது பெரிய காரியமில்லை.

கிளம்பும்போது மூன்று கேள்வி கேட்டாள். கால் மரத்துப்போகிறதா, உட்காருகிற இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா. மகள் வயதுப் பெண் கேட்கிற கேள்விகள் அல்ல. ஒன்றுமில்லை என்றேன். வலது கட்டைவிரல் ஓரம் கொஞ்சம் மரத்திருப்பது செருப்பு வார் இறுக்கத்தால். அதைச் சொல்லவில்லை.

வலி 7.

ஜூன் 3, சனி

காலையில் காரை நிழலில் நிறுத்தி எல்லாவற்றையும் அளந்தேன். சீட்டின் அடியில் உள்ள தண்டவாளத்தில் பதின்மூன்று பல் இருக்கிறது. நஸ்ரின் வைத்தது பின்னாலிருந்து ஆறாவது பல். சாய்மானம் கோணமானியில் நூற்று நான்கு டிகிரி. துண்டின் தடிமன் இரண்டேகால் அங்குலம். தண்டவாளத்தில் ஆறாவது பல்லுக்கு நேராகச் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன்.

பிரகதா ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "சீட்டுக்குப் பட்டா குடுக்கப் போறீங்களா?" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் கேலி பேசுகிறாள்.

ஜூன் 6, செவ்வாய்

84 கிலோமீட்டர். ஆறாவது பல். ஆலங்குடியில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தேன். வலி 4. பதினோரு வருடமாக ஈசிசேரில் படுப்பதுபோல் ஓட்டியிருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. நஸ்ரினிடம் சொன்னதும் சந்தோஷப்பட்டாள்.

ஒரு சின்ன விஷயம். புதுக்கோட்டையில் காரை நிறுத்திவிட்டு மாடி ஏறும் வரை வலது காலில் செருப்பு இல்லாததை நான் கவனிக்கவில்லை. பிரகதாதான், "ஒத்தச் செருப்போட வர்றீங்க" என்றாள். பிரேக்குக்கு அடியில் கிடந்தது. பழைய செருப்பு, வார் தளர்ந்துவிட்டது.

ஜூன் 9, வெள்ளி

84. பிரேக் சற்றே தூரமாகத் தெரிந்தது. சீட்டை ஒரு பல் முன்னால் நகர்த்தினேன். வலி 3.

நஸ்ரின் நோட்டை வாங்கிப் பார்த்தாள். "ஆறுதானே சரியா இருந்துச்சு? ஏன் ஏழு?"

"வசதியா இருந்துச்சும்மா."

"ரொம்பக் கிட்டக்கப் போகாதீங்க. முட்டி ஸ்டியரிங்ல இடிக்கும்."

இனி செருப்பு வேண்டாம். ஓட்டும்போது வெறுங்கால்தான். பெடல் காலுக்குத் தெரிய வேண்டும்.

ஜூன் 13, செவ்வாய்

எட்டாவது பல். வலி 1.

ஜூன் 16, வெள்ளி

வலி 0.

மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் காரிலிருந்து இறங்கும்போது முனகவில்லை. ஒரு சீட்டைச் சரியாகப் போட்டதில் இத்தனை மாற்றம். இதைக் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவனிடமும் சொல்ல வேண்டும்.

பிரகதாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "வலி போயிடுச்சுன்னா ஏங்க காலத் தேச்சுத் தேச்சு நடக்கிறீங்க? ராத்திரி பாத்ரூம் போறப்ப சத்தம் கேக்குது."

பழக்கதோஷம் என்றேன். வலித்தபோது அப்படி நடந்து பழகிவிட்டது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

வலியே இல்லாதபோது நஸ்ரினின் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று கீழ்த்தளத்துக்குப் போகவில்லை. மாடி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாவது பல்.

ஜூன் 19, திங்கள்

பிரேக் மந்தமாக இருக்கிறது. லூர்துவின் பட்டறையில் விட்டேன். இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து அவன்தான் பார்க்கிறான். சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தான், ஓட்டிப் பார்த்தான், திரும்ப வந்து கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"பிரேக்குல ஒண்ணும் இல்ல சார். தொட்டா நிக்குது."

"லேட்டாப் பிடிக்குதுய்யா. எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்றீங்க, செஞ்சுர்றேன்." முன்சக்கரம் இரண்டிலும் பேடு மாற்றி, பிரேக் ஆயில் மாற்றினான். பில்லில் 'பிரேக் முழு சர்வீஸ்' என்று எழுதச் சொன்னேன். எழுதிக் கொடுத்தான்.

பிறகு டிரைவர் சீட்டில் உட்காரப் போனவன் உட்கார முடியாமல் வெளியே வந்தான். "இவ்வளவு முன்னால இழுத்து வச்சு எப்படி சார் ஓட்டுறீங்க? நெஞ்சு ஸ்டியரிங்ல இடிக்குதே."

டாக்டர் சொன்னது என்றேன்.

ஜூன் 20, செவ்வாய்

84. ஆலங்குடிக்கு முன்னால் ஒரு ஆடு குறுக்கே வந்தது. ஆடு தப்பித்தது. புது பேடு பதிய நான்கு நாள் ஆகும் போலிருக்கிறது.

வீடு வந்ததும் பிரகதா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டே, "பஸ்ஸுல போயிக்கலாங்க" என்றாள்.

போன வருடம் பஸ்ஸில் போனதை மறந்துவிட்டாள். மெஷினிலிருந்து இறங்கினால் அவளுக்கு ரத்த அழுத்தம் விழுந்துவிடும். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் தரையில் கிடந்தாள். சுற்றிக் கூட்டம். ஒருவன் வாயில் சோடாவை ஊற்றப் போனான், தண்ணீரையே அளந்து குடிக்க வேண்டியவளுக்கு. அன்று அவளைத் தூக்கிய கைகளால்தான் அடுத்த வாரம், இடுப்பு வலியால் பெட்டியில் போட்டு வைத்திருந்த சாவியை எடுத்துத் திரும்ப ஓட்ட ஆரம்பித்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. காலை ஐந்தரைக்கு வாரம் இரண்டு நாள் வரக்கூடிய டிரைவர் இந்த ஊரில் கிடையாது. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"சரி" என்றாள்.

ஜூன் 23, வெள்ளி

நஸ்ரின் மாடிக்கே வந்துவிட்டாள். ஒரு நோயாளியைக் கைப்பிடித்து அழைத்து வந்தவள், வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து நான் நடப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"சார், அப்படியே நில்லுங்க. குதிகால்ல நில்லுங்க. விரலெல்லாம் தூக்குங்க."

இடது கால் விரல்கள் எழுந்தன. வலது காலைத் தூக்கத்தான் நானும் முயன்றேன். தரையில் ஒட்டிவைத்ததுபோல் இருந்தது. தளம் வழவழப்பான கல்.

அவள் முட்டி போட்டு உட்கார்ந்து கோடு இழுக்கப்போவதுபோல் சாவியின் முனையை என் பாதத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். "தெரியுதா?"

"தெரியுது."

"இன்னும் நான் தொடவே இல்ல சார்."

பிறகு எழுந்து மெதுவாகத்தான் பேசினாள். வலி குறைந்தது நல்ல அறிகுறி இல்லை, நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது, இன்றே தஞ்சாவூரில் நரம்பியல் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். "கால் எப்ப எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியல. இந்தக் காலோட வண்டி எடுக்காதீங்க. சாவிய எங்கிட்டக் குடுங்க, நான் ஒரு ஆக்டிங் டிரைவருக்குச் சொல்றேன்."

"சொந்தக்காரப் பையன் வர்றான்மா. அவன் ஓட்டுவான்."

"நிஜமா?"

"நிஜமா."

அப்படி ஒரு பையன் இல்லை. பன்னிரண்டு மணிக்குப் பிரகதாவைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்து, சீட்டைப் பத்தாவது பல்லில் வைத்து, நாற்பது வேகத்தைத் தாண்டாமல் வந்து சேர்ந்தேன். காலை மட்டும் நகர்த்தாமல் தொடையிலிருந்து மொத்தமாகத் தூக்கி வைத்தால் பிரேக்குக்குப் போகிறது. அதற்குத்தான் சீட்டு கிட்டே இருக்க வேண்டும். ஒரு முறை தெரிந்துகொண்டால் போதும்.

தஞ்சாவூர் போக வேண்டும். அடுத்த வாரம்.

ஜூன் 26, திங்கள்

காலையில் குளியலறையில் அரை மணி நேரம் நின்றேன். சொட்டுச் சொட்டாகத்தான். வெயிலுக்குத் தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது.

ஜூன் 27, செவ்வாய்

இன்று எழுதவில்லை.

ஜூன் 28, புதன்

போலீஸ் ஸ்டேஷனில் நான் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நேற்று காலை ஐந்து ஐம்பதுக்குக் கொத்தமங்கலம் வளைவுக்கு முன்னால், பூக்கொல்லையிலிருந்து மூட்டையோடு ஒரு பெண் சாலையைக் கடந்தாள். நல்ல வெளிச்சம். வேகம் நாற்பதுக்குள். நான் பிரேக்கை மிதித்தேன். பிரேக் பிடிக்கவில்லை. வண்டி அவள் மேல் மோதி மைல்கல்லில் இடித்து நின்றது. பெயர் மீனாள், வயது நாற்பத்தொன்று, மல்லிகை எடுக்கிறவள். வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் இருக்கிறாள். எனக்கும் மனைவிக்கும் காயமில்லை. வண்டி எட்டு நாளைக்கு முன்புதான் சர்வீஸ் செய்யப்பட்டது. பில் இணைத்திருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டேன்.

சாலை முழுக்கப் பூ சிதறிக் கிடந்தது. அதை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஜூன் 29, வியாழன்

பத்து மணிக்கு லூர்து வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். மீனாளின் அண்ணன்மார் நேற்று பட்டறை முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். ஒருவன் ஜாக்கியைத் தூக்கி ரோட்டில் எறிந்திருக்கிறான். ராத்திரி எட்டு மணி வரை அவனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்களாம். இன்றும் போக வேண்டுமாம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். மிதிச்சப்ப பெடல் பொதுக்குன்னு உள்ள போச்சா, இல்ல கல்லு மாதிரி நின்னுச்சா? அதச் சொன்னீங்கன்னா தப்பு எங்கேன்னு எனக்குத் தெரிஞ்சிரும். ராத்திரி பூரா யோசிச்சுட்டேன். போல்ட் ஒவ்வொண்ணா நினைச்சுப் பாத்துட்டேன்."

"நினைவில்ல லூர்து."

"உள்ள போயிருந்தா என் தப்புதான் சார். ஆயில் மாத்தினப்ப பைப்புல நின்ன காத்தை எடுக்காம விட்டிருப்பேன். அப்படி இருந்தா சொல்லிருங்க, நான் ஒத்துக்கிறேன்."

அவன் தன் வேலையையே சந்தேகப்படும் அளவுக்கு வந்துவிட்டான். நினைவில்லை என்று மறுபடியும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

பிரகதா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். டயாலிசிஸ் தவறி இரண்டு நாள், முகம் ஊதியிருந்தது.

"நீங்க பிரேக்கை மிதிக்கவே இல்ல."

நான் வேட்டியை இழுத்து வலது காலை மூடிக்கொண்டேன்.

"ஆக்சிலேட்டர்லயே கிடந்துச்சு கால். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மூணு வாரமா நான் ரோட்டைப் பாக்கலீங்க. உங்க காலத்தான் பாத்துக்கிட்டு வர்றேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டி நின்னுரும். வண்டி நின்னா நான் நின்னுருவேன். எனக்கும் உசுரு மேல ஆசை இருக்காதா?"

பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய் உலை வைத்தாள்.

ஜூன் 30, வெள்ளி

பிரகதா காலை ஆறரை பஸ்ஸில் புதுக்கோட்டை போனாள். எதிர்வீட்டு லட்சுமணனின் சம்சாரம் துணைக்குப் போயிருக்கிறாள். நான் கேட்டால் வருவாளா என்று ஒரு வருடமாக நினைத்துப் பார்த்ததே இல்லை.

தனியாக உட்கார்ந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. வேறொருவன் எழுதிய பீல்டு புக்காக இருந்தால் இரண்டாவது பக்கத்திலேயே பிடித்திருப்பேன். எல்லைக்கல் தானாக நகராது, யாரோ நகர்த்துகிறார்கள் என்று.

ஜூன் 19-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு 23. பிறகு 9. எதைக் கிழித்தாலும் மிச்சம் இருப்பது அதையேதான் சொல்கிறது.

நஸ்ரினுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். குளியலறை விஷயத்தையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள். ஐந்து நாள் என்றேன். "இப்பவே கிளம்புங்க சார், தஞ்சாவூருக்கு. ஆம்புலன்ஸ் நான் அனுப்புறேன்" என்றாள்.

ஒரு மணி நேரம் கேட்டேன். அதற்கு மேல் தர முடியாது என்றாள்.

லட்சுமணனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஸ்டேஷனுக்குப் போகிறேன். கடைசியாக இதை எழுதிவிடுகிறேன். பிரேக் நன்றாக இருந்தது. லூர்துவின் வேலையில் குறை இல்லை. என் கால் பிரேக்குக்குப் போகவில்லை. போகாது என்று எனக்கு முன்பே தெரியும்.

ஜூலை 3, திங்கள். தஞ்சாவூர்

இது வேறு தாள். அந்த நோட்டு ஸ்டேஷனில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நடந்தது இது. சப்-இன்ஸ்பெக்டர் நின்றபடியே படிக்க ஆரம்பித்தவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். "இதக் குடுத்தா கேசு முழுக்க உங்க மேல வரும் சார். டாக்டர் சொல்லியும் ஓட்டியிருக்கீங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. தெரிஞ்சுதான் குடுக்கிறீங்களா?"

தெரிந்துதான் என்றேன்.

லூர்து வெளியே வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கான்ஸ்டபிள் போய் விஷயத்தைச் சொன்னதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் எழுந்து என் பக்கம் வருவான், ஏதாவது கேட்பான் என்று நினைத்தேன். அவன் முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று ராத்திரியே முதுகைத் திறந்தார்கள். முதுகுத்தண்டின் அடியில் டிஸ்க் பிதுங்கி நரம்புக் கற்றையை நசுக்கியிருக்கிறது. அறுவை மருத்துவர் இன்று காலை வந்தார். "சீட்டைச் சரி பண்ணினது தப்பில்ல. ஆனா அது உங்க வியாதி இல்ல. வலி நின்ன அன்னிக்கு வந்திருந்தா வேற கதை" என்றார். கால் திரும்புமா என்றதற்கு ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார். இடுப்பில் சிறுநீர்க் குழாய் தொங்குகிறது. அது எப்போது கழற்றப்படும் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 4, செவ்வாய். தஞ்சாவூர்

பிரகதா மாலை நாலரைக்குப் புதுக்கோட்டையிலிருந்து போன் செய்தாள். மெஷின் முடிந்து ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய் மீனாளைப் பார்த்தாளாம். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

"திட்டினாங்களா?" என்றேன்.

"அண்ணன்காரங்க திட்டினாங்க. நின்னு கேட்டுக்கிட்டேன். அவ திட்டல. கால உசரக் கட்டிப் போட்டிருக்கு. உக்காருங்கன்னா."

"என்ன சொன்னா?"

பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் கேட்டது. பிரகதா இடம் மாறி நிற்கிறாள் என்று தெரிந்தது.

"ஒண்ணுதான் கேட்டா. அந்த ஐயா ஏன் ஹாரன் அடிக்கலன்னு. அடிச்சிருந்தா மூட்டையப் போட்டுட்டு ஒதுங்கியிருப்பேனேன்னா. நேரம் இருந்துச்சுங்கிறா. வண்டி ஒண்ணும் வேகமா வரலையாமே."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"என்னங்க, இருக்கீங்களா? அவகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

நேரம் இருந்தது. அவள் சொல்வது சரி. மூட்டை கண்ணில் பட்டதிலிருந்து மோதும் வரை குறைந்தது அறுபது அடி. என் கைகள் இரண்டும் ஸ்டியரிங் மேல்தான் இருந்தன. கட்டைவிரலுக்கு அடியில் ஹாரன். கைப்பிரேக் இடுப்புக்குப் பக்கத்தில். கைகளுக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் ஹாரனை அழுத்தினால் வண்டி நிற்காது என்று பக்கத்தில் இருப்பவளிடம் நான் ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்த அறுபது அடி முழுக்க நான் காலைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"பிரகதா, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். என்னை இங்கேருந்து விட்டதும் நானே வந்து சொல்றேன்னு சொல்லு" என்றேன்.

"என்ன சொல்லுவீங்க?"

"கை நல்லாத்தான் இருந்துச்சுன்னு."

பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்தாள்.